ஹொக்கிக்காரனின் சாதகம்

அண்ணை,

இன்று காலை உங்கள் வீட்டு அக்கா வந்து உங்கள் சப்பாத்துப் பெட்டி ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நீங்கள் போய் நாலு மாதம் கழித்து இப்போதுதான் உங்கள் அலுமாரியை ஒதுக்க அவருக்குத் துணிவு வந்ததாம். "உந்த ஹொக்கிப் படங்களை வைச்சு நான் என்ன செய்ய, பிள்ளை? உன்னோடைதானே மனுசன் உதைப் பற்றி வாய் ஓயாமல் கதைக்கும்" என்றார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூடியைத் திறந்ததும் பழைய சூயிங்கத்தின் இனிப்பு வாசம் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரரின் அட்டையோடு ஒரு துண்டு சூயிங்கமும் சேர்த்துத்தான் விற்பார்களென்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே அட்டைகளை மேசையில் பரப்பி, உங்கள் மூன்று பழைய ஆட்டக்காரரையும் தேடி எடுத்தேன். நாலாவதாக, நீங்கள் 'புதுமாப்பிள்ளை' என்று பெயர் வைத்த பையனின் அட்டையைத் தூக்கியபோது அதன் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடித்த தாளொன்று விழுந்தது.

அதை விரித்துப் பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். தாளில் மூன்று சாதகக் கட்டங்கள் இருந்தன. முதலாவது அந்த ஹொக்கிக்காரனுடையது, குறுக்கே வெட்டியிருந்தது. இரண்டாவதும் அவனுடையதுதான், திருத்திப் போட்டது. மூன்றாவதின் மேலே "றிச்மண்ட் ஹில்" என்று எழுதியிருந்தீர்கள். றிச்மண்ட் ஹில் என்றால் யாரென்று நம் இருவருக்கும் தெரியும். அந்த ஊரிலிருந்து எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளை. எட்டில் செவ்வாய், பொருந்தாது என்று நீங்கள் சொன்னதால் அம்மா வேண்டாமென்றுவிட்ட மாப்பிள்ளை. இந்தத் தாளில் அவருடைய செவ்வாய் எட்டில் இல்லை. ஒன்பதில் இருக்கிறது. பக்கத்தில் "தோஷம் இல்லை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள்.

அதற்கும் கீழே திகதி. ஊரில் உப தபாலதிபராக இருந்த மனிதர், கடைத் துண்டில்கூடத் திகதி போடாமல் விடமாட்டீர்களே! ஏப்ரல் மாதத்துத் திகதி, அண்ணை. அவருக்குக் கலியாணம் நடந்தது மே மாத நீண்ட வார இறுதியில். ஆறு கிழமை. ஆறு கிழமையும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டே தினமும் காலையில் வேலைக்குப் போக என்னை உங்கள் வான் வண்டியில் ஏற்றி, பின்னேரம் கொண்டுவந்து இறக்கியிருக்கிறீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, நீங்களும் இல்லாத நேரத்தில், ஒரு சப்பாத்துப் பெட்டிதானா எனக்கு இதைச் சொல்ல வேண்டும்?

தாளை மடிக்கிறேன், திரும்ப விரிக்கிறேன். பிழையாகப் படித்துவிட்டேனோ என்று நாலு தரம் பார்த்துவிட்டேன். உங்கள் கையெழுத்தில் பிழைக்கு இடமேது?

அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மோர்னிங்சைட்டில் கார்களின் கதவுகளுக்குப் பிளாஸ்டிக் வார்க்கும், நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில் அப்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு. பதினெட்டு வயது ஹொக்கிப் பையன் ஒருவன் வந்திருக்கிறான், ஜூன் மாதத் தெரிவு நாளில் அணிகள் வரிசையாகப் பையன்களைத் தெரிவு செய்யும்போது முதலாவதாகப் போகப்போவது அவன்தான் என்றார்கள். அவ்வளவோடு விட்டார்களா? அவன் அந்தப் பழைய ஆட்டக்காரன் மாதிரியா, இந்தப் பழைய ஆட்டக்காரன் மாதிரியா என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அட்டவணை போட்டன. உயரத்துக்கு உயரம், நிறைக்கு நிறை, பதினெட்டு வயதில் அவன் போட்ட கோல் எத்தனை, இவன் போட்டது எத்தனை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "வெள்ளைக்காரனும் பொருத்தம் பாக்கத் தொடங்கியிட்டான் பிள்ளை" என்று சொல்லி அந்தப் பையனுக்குப் புதுமாப்பிள்ளை என்று பெயர் வைத்தவரே நீங்கள்தான்.

பழைய ஆட்டக்காரர் மூவருக்கும் நீங்கள் வைத்த பெயர்களால்தான் எனக்கு ஹொக்கியே மண்டையில் ஏறியது. மூலைக்குள் புகுந்து, யார் காலுக்கிடையிலோ பந்தைக் கொடுத்துவிட்டு வருபவன் கட்டையன். ஐஸ் ஹொக்கியில் பந்து இல்லை, தட்டையான றப்பர் வட்டு என்று எங்களோடு வேலை செய்த டேவ் எத்தனை தரம் திருத்தினாலும் உங்களுக்கும் எனக்கும் அது பந்துதான். கோலுக்கு முன்னால் போய் நின்றால் இரண்டு பேர் தள்ளினாலும் அசையாதவன் எருமை. பின்னாலிருந்து அவசரமே இல்லாமல் பந்தைக் கொண்டுவருகிற, நெற்றியில் வியர்வை கண்டறியாத தடுப்பாட்டக்காரன் துரை. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு பேர் இருந்த நிலக்கீழ் அறையில், ஒரேயொரு சனல் தெரிகிற ரிவியில் சனிக்கிழமைகளில் ஹொக்கி மட்டும் வருமாம். ஆங்கிலமும் அதில்தான் படித்தேன் என்பீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நீங்கள் மற்ற ஆட்களைப் போல ஒரு ஹொக்கிப் பைத்தியம். உங்களுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. அட்டையின் பின்பக்கத்தில் பிறந்த திகதியும் ஊரும் அச்சடித்திருப்பதைக் கண்டுவிட்டீர்கள். கண்டபிறகு சும்மா இருப்பீர்களா? கட்டையன், எருமை, துரை மூவருக்கும் சாதகம் கணித்தீர்கள். "பிறந்த நேரம் இல்லாமல் எப்பிடி அண்ணை?" என்று நான் மடக்கினால், "முழங்கால் முறிஞ்ச நாள் இருக்கு, கிண்ணம் தூக்கின நாள் இருக்கு. அதிலையிருந்து பின்னுக்குப் போய் நேரத்தைப் பிடிக்கலாம், வாய்க்காரி" என்பீர்கள். சாதகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும் நீங்கள் சாப்பாட்டு அறை மேசையில் பன்னிரண்டு பிஸ்கற்றை அடுக்கிக் காட்டியதுதான். எந்த பிஸ்கற்றிலிருந்து எண்ணத் தொடங்குவதென்று பிறந்த நேரம் சொல்லும். தொடக்கம் ஒன்று பின்னால் போனால் எட்டாவது ஒன்பதாவதாகிவிடும், பன்னிரண்டாவது முதலாவதாகிவிடும். நான் பன்னிரண்டாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டேன், நீங்கள் கோபித்தீர்கள்.

புதுமாப்பிள்ளைக்கு நேரத்தைப் பின்னோக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவனுடைய தாயே பத்திரிகையில் சொல்லியிருந்தாள். ஜூலை மாதம், காலை ஆறு பத்து, வைத்தியர் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாராம். நீங்கள் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து, மூன்று நாள் கணக்குப் போட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். செவ்வாய் பன்னிரண்டில் மறைந்துவிட்டதாம். மூவருக்கும் இருந்த பலம் இவனுக்கு இல்லையாம். "உவன் கந்தோரிலை இருந்து பேப்பர் எழுதப் பிறந்தவன்" என்று மேசையில் அறிவித்தீர்கள். மெசின் சரிபார்க்கிற டேவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கட்சியில் புதுமாப்பிள்ளைதான் அடுத்த துரை.

அதே கிழமையில்தான் எனக்குப் பேச்சு வந்தது. லண்டனில் ஒரு ஜூன் மாதம் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவர். கோப்பிக் கடையில் முதல் தரம் சந்தித்தபோது வெளியே கடும் குளிர். உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. நடுக்கடையில் குருடிபோல நின்றேன். அவர் சிரிக்கவில்லை, கையையும் பிடிக்கவில்லை. "உங்கடை இடப்பக்கம் ஒரு கதிரை இருக்கு" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அவ்வளவுதான் அண்ணை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு ஒரு நாள் தொழிற்சாலை வாசலுக்கு என்னை ஏற்ற வந்தபோது நீங்களும் அவரும் பனிக்குள் நின்று கால்மணித்தியாலம் கட்டையனைப் பற்றிக் கதைத்தீர்கள். மறுநாள் நீங்கள், "நல்ல பொடியன். ஆளைப் பாத்தாலே தெரியுது" என்றீர்கள்.

அவருடைய பிறந்த விபரத்தை உங்களிடம் தந்தது நான்தான். அம்மா கேட்கிறா என்றும், "உங்கடை ஹொக்கிக்காரரோடை உவரையும் ஒருக்கால் பாத்து விடுங்கோ" என்றும் சொல்லிச் சிரித்துக்கொண்டே தந்தேன். எனக்கு உதில் நம்பிக்கையில்லை என்று ஊருக்கே சொல்லித் திரிந்தவள் நான். மூன்றாம் நாள் காலை வானில் நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள். "பிள்ளை, பத்துப் பொருத்தத்திலை ஏழு இருக்கு. ஆனா எட்டிலை செவ்வாய். கொம்மாவுக்கும் சொல்லிப்போட்டன். நான் இல்லாததைச் சொல்லமாட்டன்."

"ஹொக்கிக்காரனுக்குப் பன்னிரண்டிலை, உவருக்கு எட்டிலையோ? செவ்வாய்க்கு வேறை வேலை வெட்டி இல்லையே அண்ணை?" என்றேன். வானில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து மணி இடைவேளையில் கழிப்பறைக்குள் போய், கை உலர்த்தும் மெசினைத் திரும்பத் திரும்ப அமத்திவிட்டு, அதன் இரைச்சலுக்குள் நின்று அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

அவர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். "நீங்கள் இதை நம்புறீங்களா?" என்று கேட்டார். நான் அம்மாவைச் சாட்டினேன். மார்ச் மாதம் அவருக்கு யூனியன்வில்லில் பெண் சரிவந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம்.

இடையில் ஒரு ஞாயிறு பின்னேரம் நீங்கள் என்னையும் டேவையும் கூட்டிக்கொண்டு புதுமாப்பிள்ளையின் ஆட்டம் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் வான் ஓட்டினீர்கள். அவன் தன் கோலுக்குப் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவன் மாதிரி வந்தான். இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவன் சற்றே நின்றான், அவர்கள் இரண்டு பேரும் அவனைத் தாண்டி ஒருவரோடொருவர் மோதினார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து நசித்துவிட்டீர்கள். "பார், பார்! துரை வாறான்!" என்று தமிழில் கத்தினீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரும் வழியில் இரண்டு தரம் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டீர்கள். கடைசியில், "கண் ஓம் எண்டுது, குறிப்பு இல்லை எண்டுது. கண் ஏமாத்தும் பிள்ளை, கணக்கு ஏமாத்தாது" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. என் விஷயத்திலும் உங்கள் கண் ஓம் என்றுதானே சொன்னது?

ஏப்ரலில் கோடை நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய அடுத்த நாள். சாப்பாட்டு அறையில் எல்லோரும் நித்திரை தூங்கிக்கொண்டிருந்தோம். டேவ் பண்ணையில் வளர்ந்தவர். இந்த நேரமாற்றம் தன் அப்பாவின் மாடுகளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை என்று குறைப்பட்டார். கோடையில் ஆறு மணிக்குப் பால் கறக்கப் போனால் மாட்டுக்கு அது ஐந்து மணிதான், சூரியனைக் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்லும் என்றார். நீங்கள் கையில் எடுத்த பாண் துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தீர்கள். முகத்தில் இரத்தம் இல்லை. "என்ன அண்ணை, பிறஷரோ?" என்று கேட்டேன். பாணைத் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள்.

எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. இன்று அந்தத் திகதியைப் பார்த்ததும் பிடிபட்டது. அந்தப் பின்னேரமே உட்கார்ந்து கணக்கைத் திருத்தியிருக்கிறீர்கள். நாங்கள் மணிக்கூட்டில் கை வைத்தறியாத நாட்டிலிருந்து வந்தவர்கள். இங்கே பத்து வருடமாக வருடத்துக்கு இரண்டு தரம் கதிரையில் ஏறி முள்ளைத் திருப்பியவர், கோடையில் பிறந்தவனுடைய நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டுமென்று நினைக்கவேயில்லை. கட்டையனும் எருமையும் துரையும் மாரியில் பிறந்தவர்கள், அதனால் பிழை அகப்படவில்லை. ஜூலையில் பிறந்த ஹொக்கிக்காரன் ஒருவன் வந்துதான் அதைக் காட்ட வேண்டியிருந்தது. அவனுக்குத் திருத்தியவர் உடனே, கோடையில் அதே வழக்கமுள்ள லண்டனில் ஜூனில் பிறந்தவருக்கும் திருத்திப் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்த நாள் மேசையில் நீங்கள் எழும்பி நின்று, பிழை விட்டுவிட்டேன், புதுமாப்பிள்ளைக்குச் செவ்வாய் முதலாம் இடத்திலேயே நிற்கிறது, அவன் துரையேதான் என்று டேவிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். நான் வாயில் விரல் வைத்து விசிலடித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தோற்ற வெட்கம் என்று நினைத்தேன்.

ஜூனில் அவன் முதலாவதாகவே தெரிவானான். உங்கள் வீட்டு ரிவியில் நாங்களெல்லோரும் பார்த்துக் கத்தினோம். நீங்கள் சோடாப் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் வார்த்துவிட்டு, இனிமேல் குறிப்புப் பார்க்கிறதில்லை என்று சொன்னீர்கள். அடுத்த வருடம் எனக்குக் கணவராக வந்த இவரைப் பேசியபோது அம்மா உங்களிடம்தான் ஓடி வந்தா. "அன்ரி, நான் விட்டிட்டன். குறை நினையாதேங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கும்தான். ஹொக்கியில் ஒருதரம் சறுக்கினதுக்கு இவ்வளவு ரோசமா என்று உங்களைப் பகிடி பண்ணினேன்.

சரி, புதுமாப்பிள்ளை துரையாக வந்தானா? அதுவும் இல்லை. ஐந்து வருடத்தில் மூன்று அணி மாறிவிட்டான். கெட்ட ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது, ஆனால் இன்றைக்கு ஒரு பத்திரிகையும் அவனை யாரோடும் ஒப்பிடுவதில்லை. ஆக, திருத்திய கணக்கும் பொய்த்துத்தான் போயிற்று அண்ணை. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். களைப்பு என்று நினைத்து நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

காலையிலிருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கள்ள மௌனம் சாதித்த மனிதன் என்று வாய்விட்டே சொன்னேன். எனக்கு வாய்த்த வாழ்க்கையில் குறையில்லை. இவர் நல்லவர், மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான் திரும்பிப் போக ஆசைப்படவும் இல்லை. ஆனாலும் ஆறு கிழமை! ஒரு சொல் கேட்டிருக்கலாமே, ஒரேயொரு சொல் என்று உங்கள் தாளைப் பார்த்து உறுக்கினேன். உறுக்கியபடியே நின்றபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அடுப்பில் வைத்த பானையை அப்படியே அணைத்துவிட்டு இதை எழுத வந்தேன்.

நீங்கள் கேட்டீர்கள், அண்ணை.

டேவிடம் மன்னிப்புக் கேட்ட அதே நாள் பின்னேரம். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். எங்கள் கட்டட வாசலில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக வானின் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினீர்கள். "பிள்ளை, ஒண்டு கேக்கிறன், உள்ளதைச் சொல்லு. அந்த றிச்மண்ட் ஹில் பொடியனை உனக்கு மனசுக்குப் பிடிச்சிருந்ததோ?"

"இப்ப என்னத்துக்கு அண்ணை உது?"

"சும்மாதான். பிடிச்சதெண்டால் பிடிச்சதெண்டு சொல்லு. நான் இருக்கிறன்."

நான் இருக்கிறன் என்று சொன்னீர்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்னை யாரும் பாவம் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் என் தலைக்குள் நின்றது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தேன். "உவர் என்ன பெரிய முதலாவது தெரிவோ? போனால் போகட்டும். எனக்கு ஆரெண்டாலும் ஒண்டுதான்."

நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். கணக்கு ஏமாற்றிவிட்டது, இனிக் கண்ணைத்தான் நம்ப வேண்டுமென்று நினைத்தீர்களோ என்னவோ. என் முகத்தில் என்னத்தைக் கண்டீர்கள்? வாய்க்காரியின் சிரிப்பைத்தானே கண்டிருப்பீர்கள்! "அப்ப சரி" என்று சொல்லி வானை எடுத்தீர்கள்.

நான் ஓம் என்றிருந்தால் அந்த இடத்திலேயே றிச்மண்ட் ஹில்லுக்கு வானைத் திருப்பியிருப்பீர்கள். மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று என்று அவர்கள் திட்டியிருப்பார்கள். யூனியன்வில்காரர் வாசலில் நின்று கத்தியிருப்பார்கள். பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் கைகட்டி நின்றிருப்பீர்கள். விருப்பமில்லாத ஒருத்திக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் கலியாணத்தைக் குழப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. அந்த விருப்பமில்லாத ஒருத்தியை உங்களுக்கு உருவாக்கித் தந்தது நான். இனி இந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் மேசையில் இருக்கிறேன்.

கீழே காரின் கதவைச் சாத்துவது கேட்கிறது. மகள் ஈரத் தலையோடு ஓடிவருவாள், சோறு இன்னும் ஆகவில்லை. அவர்கள் மேலே வருவதற்குள் நீங்கள் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஓம் அண்ணை. பிடிச்சிருந்தது.